இரும்பில் இருக்கிற நம்பரைத் தொடாதீர்கள்: பழைய வண்டி கேள்வி பதில்

கேள்வி: அண்ணாச்சி, நாங்கள் தக்கலைப் பக்கம். அம்மாவின் பெரியப்பா ரப்பர் எஸ்டேட்டில் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். எஸ்டேட் துரை ஊருக்குத் திரும்பும்போது விட்டுப்போன இரண்டு சீட் எம்.ஜி. கார், முப்பது வருஷமாக எங்கள் ஷெட்டில் நிற்கிறது. ஆர்.சி. புத்தகத்தில் சேஸ் (வண்டியின் அடிச்சட்டம்) நம்பர் 'எக்ஸ்.பி.ஏ.ஜி. டி.டி. 2' என்று தொடங்குகிறது. வண்டியில் உள்ள தகட்டில் வெறும் டி.டி. என்று தொடங்கும் வேறு எண் இருக்கிறது. பார்க்க வந்த புரோக்கர், "நம்பர் ஒத்துப்போகாத வண்டி, இப்படியே விற்றால் இரும்பு விலைதான். புத்தகத்தில் உள்ள நம்பரைச் சேஸில் குத்திவிடலாம், அரைமணி நேர வேலை" என்கிறார். சரிதானா?
- வாசகர், தக்கலை

பதில்: வேண்டாம் தம்பி. அந்த ஆளை இனி ஷெட்டுக்குள் விடாதீர்கள்.

உங்கள் கடிதத்தை இரண்டாம் தடவை வாசித்தபோது விஷயம் பிடிபட்டது. எக்ஸ்.பி.ஏ.ஜி. என்பது சேஸ் நம்பரே கிடையாது. எம்.ஜி.யின் 1250 சி.சி. எஞ்சினுக்கு உள்ள பெயர் அது. 1951 நடுவில் டி.டி. மாடலின் கிளட்சை 7¼ அங்குலத்திலிருந்து 8 அங்குலமாகப் பெரிதாக்கினார்கள். அப்போதிருந்து எஞ்சின் எண்ணில் டி.டி. 2 என்று வரும். அப்படியானால் உங்கள் புத்தகத்தில் எஞ்சின் எண் சேஸ் கட்டத்தில் ஏறிவிட்டது. எஞ்சின் கட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று நீங்கள் சொல்லவில்லை. மை மங்கியிருந்தால் ஜன்னலோரம் கொண்டுபோய்ச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். தகட்டில் உள்ள எண் அங்கே இருக்கும் என்றுதான் எனக்குப் படுகிறது.

இப்படி நடப்பதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. நம் கன்னியாகுமரி மாவட்டம் 1956 நவம்பர் 1 அன்றுதான் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. அதற்கு முன் ஓடிய வண்டி என்றால் முதல் பதிவு திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்திருக்கும். பிறகு புத்தகம் மாறும், உடமையாளர் மாறுவார், ஒவ்வொரு தடவையும் ஒரு கை பார்த்து எழுதும். கட்டம் மாறுவதற்கு ஒரு சாயங்கால அவசரம் போதும்.

இனி வண்டிக்கு வருவோம். தகட்டை மட்டும் நம்பவேண்டாம். அது இரண்டு ரிவெட்டில் நிற்கிற சமாசாரம், புதிதாக அடித்தே வாங்கலாம். சேஸின் இடதுபக்க முன்நுனியில், பம்பர் வந்து சேரும் இடத்துக்குப் பக்கத்தில், இரும்பிலேயே எண் குத்தியிருக்கும். கிரைண்டர், எமரி தாள் எதுவும் அதன்மேல் படக்கூடாது. மண்ணெண்ணெயில் நனைத்த துணியை ஓர் இரவு சுற்றி வையுங்கள். காலையில் பித்தளை பிரஷால் மெதுவாகத் தேய்த்து, சாக்பீஸ் பொடி பூசி, டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து அடியுங்கள். எண் எழுந்து வரும். அதன்மேல் தாளை வைத்துப் பென்சிலால் உரசி இரண்டு மூன்று பிரிண்ட் எடுத்துக்கொள்ளுங்கள்.

கையால் சுத்தியலில் அடித்த காலத்து எழுத்து கொஞ்சம் ஏறியிறங்கித்தான் இருக்கும். அதைப் பார்த்துப் பயப்படவேண்டாம். எண்ணைச் சுற்றிலும் இரும்பு குழிந்திருந்தாலோ, கிரைண்டர் ஓடிய கோடு தெரிந்தாலோ, பட்டி பூசிய இடமாகக் காந்தம் ஒட்டாமல் போனாலோதான் கவலைப்படவேண்டும்.

எண்ணைச் சரிபார்க்க இன்னொரு வழி உண்டு. இங்கிலாந்தில் ஆபிங்டனில் இருந்த எம்.ஜி. தொழிற்சாலையின் தொலைபேசி எண் 251. அதனால் டி.டி. வண்டிகளின் சேஸ் எண்ணை 0251-லிருந்து தொடங்கினார்கள். 1949 கடைசியிலிருந்து 1953 வரை ஏறக்குறைய முப்பதாயிரம் வண்டி செய்தார்கள், எண் 29,900 சொச்சத்தில் முடிந்துபோகும். அதற்கு மேலே போகும் எண்ணோடு யாராவது டி.டி. என்று வண்டி காட்டினால் திரும்பி வந்துவிடுங்கள். கம்பிச் சக்கரத்தைக் காட்டி இதுதான் ஒரிஜினல் என்பவர்களிடமும் ஜாக்கிரதை. 19 அங்குலக் கம்பிச் சக்கரம் முந்தைய டி.சி. மாடலுக்கு உரியது. டி.டி. தொழிற்சாலையிலிருந்து 15 அங்குல டிஸ்க் சக்கரத்தோடுதான் வந்தது.

எஞ்சின் பிளாக்கில் எட்டு மூலையுள்ள சின்ன பித்தளைத் தகடு இருக்கும். அதில் உள்ள எண்ணும் உங்கள் புத்தகத்தின் 'சேஸ்' கட்டத்தில் உள்ள எண்ணும் ஒன்றாக இருந்தால் உங்கள் வழக்கு பாதி முடிந்தது. கதவைத் திறந்து மரத்தையும் பாருங்கள். இந்த வண்டியின் பாடி, ஆஷ் மரச்சட்டத்தின் மேல் இரும்புத் தகடு போர்த்தியது. நம் ஊர் மழையும் சிதலும் அதை விட்டுவைத்திருக்காது. அயனியோ தேக்கோ போட்டு ஆசாரி மாற்றியிருந்தால் அது ரிப்பேர்தான், போலி ஆகாது. விற்கும்போது மறைக்காமல் சொன்னால் போதும்.

நம்பர் குத்துவதைப் பற்றி நான் இவ்வளவு கண்டிப்பாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பத்தொன்பது வயதில் திருவனந்தபுரத்தில் ஒரு பட்டறையில் எடுபிடியாக இருந்தேன். கடற்கரை ஊர்க்காரர் ஒருவர் வண்டி கொண்டுவந்தார். துரு தின்றதில் எண்ணில் ஒன்று மூன்றா எட்டா என்று தெரியவில்லை. ஆர்.சி.யில் எட்டு. மேஸ்திரி அந்த இடத்தை ராவிவிட்டு எட்டாக அடித்தார். விளக்குப் பிடித்தது நான். இரண்டு வருஷம் கழித்து விற்பனையின்போது சந்தேகம் வந்து தடயவியல் சோதனைக்குப் போனது. எண் குத்தும்போது அடியில் உள்ள இரும்பும் இறுகிவிடும். மேலே ராவினாலும் அந்த இறுக்கம் கொஞ்ச ஆழத்துக்கு நிற்கும், அமிலம் தடவினால் பழைய எண் நிழல்போலத் தெரியும். தெரிந்தது மூன்று. முதலிலேயே ஆர்.சி.யில்தான் பிழை. ஒரு மனு எழுதித் திருத்தியிருந்தால் முடிந்திருக்கும். வண்டி ஸ்டேஷன் வாசலில் நின்று மண்ணோடு போனது. அந்த மனுஷர் பட்டறைக்கு வந்து ஒரு வார்த்தை பேசாமல் நின்றுவிட்டுப் போனதை நான் இன்னும் மறக்கவில்லை.

ஆகவே தம்பி, பென்சில் பிரிண்ட், எண்ணின் புகைப்படம், பழைய வரி ரசீது, இன்சூரன்ஸ் தாள் எது கிடைத்தாலும் எடுத்துக்கொண்டு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் திருத்தத்துக்கு மனுக் கொடுங்கள். ஆய்வாளர் நேரில் பார்க்கட்டும். நாளாகும், பரவாயில்லை.

கேள்வி: மார்த்தாண்டத்தில் ஒருவர் 'ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர்' விற்கிறார். சிவப்பு, மூடியில்லாத வண்டி. புத்தகத்தில் ஸ்டாண்டர்ட் ஹெரால்டு என்று இருக்கிறது. இரண்டும் ஒரே வண்டிதான் என்கிறாரே?
- வாசகர், குழித்துறை

பதில்: ஒரே வண்டி இல்லை, ஒரே குடும்பம். மெட்ராஸில் ஸ்டாண்டர்ட் கம்பெனி 1961 முதல் செய்த ஹெரால்டு நம் ரோட்டில் நிறைய ஓடியது. அதன் கூரை போல்ட்டில் நிற்பது, கழற்றி எடுத்தால் திறந்த வண்டியாகிவிடும். ஸ்பிட்ஃபயரிலும் பானெட் முழுசாக முன்பக்கம் கவிழும். அந்த ஒற்றுமையை வைத்துத்தான் கண்ணைக் கட்டுகிறார்கள்.

ஒரு டேப் கொண்டுபோங்கள். முன்சக்கர நடுவிலிருந்து பின்சக்கர நடுவரை அளந்தால் ஹெரால்டுக்கு 91½ அங்குலம், ஸ்பிட்ஃபயருக்கு 83. எட்டரை அங்குலத்தைப் பெயின்ட் அடித்து மறைக்கமுடியாது. அளவு 83 வந்தால் அடியில் படுத்து, சேஸை வெட்டி வெல்டு வைத்த தழும்பு உண்டா என்று பாருங்கள். ஹெரால்டு சேஸில் பக்கவாட்டில் கைகள் நீண்டு பாடியைத் தாங்கும். ஸ்பிட்ஃபயரில் அது இல்லை, கதவுக்கு அடியில் உள்ள பாடியின் பெட்டிதான் பலம். ஸ்பிட்ஃபயர் சேஸ் எண்ணின் முன்னெழுத்து முதல் இரண்டு மார்க்குகளுக்கு (மார்க் என்றால் மாடலின் பதிப்பு) எஃப்.சி., மூன்றாவதுக்கு எஃப்.டி., நான்காவதுக்கு எஃப்.எச். ஆரம்பகால ஸ்பிட்ஃபயரின் எஞ்சின் 1147 சி.சி., இரண்டு கார்புரேட்டர். நம் ஹெரால்டு 948.

கூரை கழற்றிய ஹெரால்டு அழகான வண்டிதான், எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஹெரால்டு விலைக்குக் கொடுத்தால் வாங்குங்கள்.

கேள்வி: இங்கிலாந்தில் இருக்கும் என் சித்தப்பா அங்கே 1965 எம்.ஜி.பி. ஒன்று வாங்கப்போகிறார். அதன் சேஸ் எண்ணில் 17 இலக்கம் இல்லை. போலியா?
- வாசகி, நாகர்கோவில்

பதில்: இல்லை மகளே. 17 இலக்கம் கட்டாயமானது அமெரிக்காவில், அதுவும் 1981 மாடலிலிருந்து. அதற்கு முன் ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு முறை. 1965 எம்.ஜி.பி.யில் 17 இலக்கம் இருந்தால்தான் சந்தேகப்படவேண்டும். திறந்த வண்டிக்கு ஜி.எச்.என். 3, கூரையுள்ள ஜி.டி.க்கு ஜி.எச்.டி. 3, இடது ஸ்டியரிங் என்றால் பின்னால் எல். என வரும். எஞ்சின் எண் 18ஜிபி என்று தொடங்கவேண்டும். 1964 கடைசியில் ஐந்து பேரிங் கிராங்க் வந்தபோது மாறிய எழுத்து அது. 18ஜி, 18ஜிஏ என்று இருந்தால் பழைய எஞ்சின் ஏற்றியிருக்கிறார்கள்.

கேய்டனில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் மியூசியம் தொழிற்சாலைப் பதிவேட்டைப் பார்த்துச் சான்றிதழ் கொடுக்கும். எஞ்சின் எண், நிறம், வெளியேறிய தேதி எல்லாம் அதில் வரும். சித்தப்பா அதை வாங்கிக்கொண்டு, வண்டியின் அடியிலும் படுத்துப் பார்க்கவேண்டும். எம்.ஜி.பி.க்குத் தனிச் சேஸ் கிடையாது, பாடியேதான் சேஸ். தகட்டை அழுகிப்போன வண்டியிலிருந்து கழற்றி இன்னொன்றில் மாட்டிவிடலாம். சான்றிதழ் பதிவேட்டைப் பற்றிப் பேசுகிறது, எதிரே நிற்கிற வண்டியைப் பற்றிப் பேசவில்லை.

கேள்வி: பழைய வண்டிக்குக் கொடுக்கிற 'வி.ஏ.' நம்பர் வாங்கினால் நல்லதா? என் வண்டி குளச்சலில் நிற்கிறது, 1968 பதிவு.
- வாசகர், குளச்சல்

பதில்: 2021 ஜூலையில் வந்த மத்திய விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 வருஷம் தாண்டி, சேஸ், பாடி, எஞ்சின் பெரிதாக மாற்றப்படாமல் இருந்தால் வின்டேஜ் வண்டியாகப் பதியலாம். புதிய பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000. ஏற்கெனவே பதிந்த வண்டிக்குப் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம், வி.ஏ. வரிசை புதிதாகப் பதிபவர்களுக்கு. ஆனால் தினசரி ஓட்டமுடியாது. கண்காட்சி, ராலி, பெட்ரோல், ரிப்பேர் போன்றவற்றுக்கு மட்டும்தான். சந்தைக்கு எடுத்துப்போகிற ஆசை இருந்தால் யோசியுங்கள்.

உங்கள் ஊர்க் காற்றில் உப்பு அதிகம். மனுவுக்கு முன்னால் இன்றைக்கே சேஸ் நம்பரைப் பென்சில் பிரிண்ட் எடுத்துவிட்டு, அந்த இடத்தில் கனமாக கிரீஸ் பூசி வையுங்கள். பெயின்ட் வேண்டாம்.