ஓய்வு பெற்றவரின் போர்க்காலம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் தந்தை காலாட்படையில் கர்னலாக இருந்து ஓய்வு பெற்றவர். எல்லையில் சண்டை மூண்ட நாள் முதல் பழைய வரைபடம் ஒன்றை விரித்துவைத்துக்கொண்டு இரவெல்லாம் விழித்திருக்கிறார். தொலைக்காட்சி விவாதத்துக்கு அழைத்தார்கள், மறுத்துவிட்டார். எங்களிடமும் பேசுவதில்லை. பொறுப்பிலிருந்து விடுபட்டவர் ஏன் இப்படித் தன்னை வருத்திக்கொள்கிறார்? அம்மா மிகவும் கவலைப்படுகிறார்.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

உங்கள் தந்தையிடமிருந்து போனது அதிகாரம் மட்டுமே. பொறுப்புணர்வு அப்படியே இருக்கிறது. அவர் பயிற்றுவித்த இளம் லெப்டினன்டுகள்தான் இன்று பட்டாலியன்களை நடத்திக்கொண்டிருப்பார்கள். ‘நம் படைகள் முன்னேறின’ என்ற ஒருவரிச் செய்தி நமக்கு அத்துடன் முடிந்துவிடுகிறது; அவருக்கோ, அந்தப் படைக்குத் தோட்டாக்களும் குடிநீரும் எந்தச் சாலை வழியாகப் போகின்றன, வழியிலுள்ள பாலம் எதிரியின் பீரங்கி வீச்சுக்குள் வருகிறதா, காயம்பட்ட ஒருவரை மலைச்சரிவில் இருட்டில் இறக்கிவர எத்தனை பேரை முனையிலிருந்து விடுவிக்க வேண்டும் என்று அது விரிந்துகொண்டே போகிறது. வரைபடத்தில் அவர் பென்சிலால் குறித்திருப்பதைப் பாருங்கள். எல்லைக்கோட்டைவிட அதற்குப் பின்னாலுள்ள சாலைகளிலும் கணவாய்களிலும்தான் குறிகள் அதிகம் இருக்கும் என்பது என் ஊகம்.

லெப்டினன்ட் ஜெனரல் எஸ். பி. பி. தோரட்டை இங்கே நினைத்துக்கொள்கிறேன். கிழக்குப் பிராந்தியத் தளபதியாக இருந்தபோது, சீனா வடகிழக்கில் தாக்கினால் எங்கே நின்று தடுக்க வேண்டும் என்று 1959இல் அறிக்கை எழுதினார். 1960இல் லக்னோவில் ‘லால் கிலா’ என்ற போர்ப்பயிற்சி நடத்தியும் காட்டினார். மேலிடம் அதைப் பொருட்படுத்தவில்லை. 1961இல் ஓய்வு பெற்றார். 1962 அக்டோபரில் போர் வந்தது; அவர் அஞ்சியவை ஒவ்வொன்றாக நடந்தேறியபோது உத்தரவிடும் இடத்தில் அவர் இல்லை. தன் கணிப்பு பலிப்பதை வீட்டிலிருந்து பார்ப்பதைப்போலக் கொடிய தண்டனை ஒரு படைத்தலைவருக்கு வேறில்லை.

பிரிட்டனின் மேஜர் ஜெனரல் பெர்சி ஹோபார்ட், 1940இல் கட்டாய ஓய்வில் அனுப்பப்பட்டதும் ஊர்க்காவல் தொண்டர் படையில், சாதாரணச் சிப்பாய்க்கு ஒரு படி மட்டுமே மேலான லான்ஸ் கார்ப்பரலாகச் சேர்ந்தார். கவசப் படை ஒன்றையே உருவாக்கிய மனிதர் அவர். பின்னர் சர்ச்சிலின் தலையீட்டால் திரும்ப அழைக்கப்பட்டு, 1944இல் நார்மண்டிக் கரையில் வழி திறந்த சிறப்பு டாங்கிகளைத் தயாரித்தளித்தார் என்பதை எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அந்த லான்ஸ் கார்ப்பரல் பட்டையே முக்கியமாகப் படுகிறது. செய்வதற்கு ஒரு வேலை வேண்டியிருந்தது. அது எவ்வளவு சிறியது என்று அவர் பார்க்கவில்லை.

விவாதத்துக்குப் போக மறுத்ததற்காக உங்கள் தந்தையை வணங்குகிறேன். எந்தப் படைப்பிரிவு எங்கே நகரக்கூடும் என்று ஊகித்துச் சொல்லத் தெரிந்தவரின் வாய் திறந்தால், களத்தில் நிற்பவனுக்கு அது ஆபத்தாகலாம். வீட்டில் பேசாமலிருப்பதற்கும் அந்தப் பழக்கமே காரணமாக இருக்கலாம். போர்நிலவரத்தைக் கேட்காதீர்கள், அவருடைய பட்டாலியனைப் பற்றி, உடனிருந்த சுபேதார்களைப் பற்றிக் கேளுங்கள், பேசுவார்.

அதைவிட, மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு அவரை ஒருமுறை அழைத்துச் செல்லுங்கள். மகனோ கணவனோ முனையில் இருக்க, எந்த விண்ணப்பத்தை யாருக்கு எழுதுவது என்று தெரியாமல் அங்கே வரும் பெண்களுக்கு, ராணுவ நடைமுறை அறிந்த ஒருவர் அருகில் உட்கார்ந்து எழுதிக்கொடுப்பது இந்த நாட்களில் பெரிய உதவி.

அன்புடன்.