எஸ்டீம் என்ஜினை வீட்டில் கட்டலாமா? பிஸ்டன் வாங்கும் முன் படிக்க வேண்டிய பதில்கள்

பழைய மாருதி என்ஜின்களைப் பிரித்துக் கட்டுவது பற்றி சேலம், ஏற்காடு வாசகர்கள் கேட்டவை இங்கே.

கேள்வி: 2003 மாடல் எஸ்டீம் வைத்திருக்கிறேன். புகை நீலமாக வருகிறது, ஆயிலும் குறைகிறது. வீட்டு ஷெட்டில் நானே என்ஜினை இறக்கி, கொஞ்சம் பவர் ஏற்றிக் கட்ட ஆசை. இதுதான் முதல் முறை. லேத்தில் கேட்டால், "நேரா 0.50 போர் போட்டுடலாம்" (சிலிண்டர் துளையை 0.50 மி.மீ. பெரிதாகக் கடைவது) என்கிறார்கள். பட்ஜெட் ஒரு லட்சம். முதலில் எதை வாங்குவது? — வாசகர், அஸ்தம்பட்டி

பதில்: முதலில் ஒரு கம்ப்ரஷன் கேஜ் (சிலிண்டருக்குள் அழுத்தத்தை அளக்கும் கருவி) மட்டும் வாங்குங்கள். என்ஜினை இறக்கும் முன்பே பாதி விடை அதில் கிடைத்துவிடும். என்ஜின் சூடாக இருக்கும்போது நான்கு பிளக்கையும் கழற்றுங்கள். பெட்ரோல் பம்ப், இக்னிஷன் இரண்டின் இணைப்பையும் எடுத்துவிட்டு, ஆக்சிலேட்டரை முழுசாக மிதித்து செல்ஃப் அடியுங்கள். இந்த என்ஜினில் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 14 கிலோ காட்டினால் ஆரோக்கியம். 12-க்குக் கீழே போனாலோ, சிலிண்டருக்கு சிலிண்டர் ஒரு கிலோவுக்கு மேல் வித்தியாசம் இருந்தாலோ உள்ளே வேலை இருக்கிறது. குறைவாகக் காட்டும் சிலிண்டரில் ஒரு டீஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். ஏறினால் ரிங் (பிஸ்டனைச் சுற்றிய வளையம்), போர் தேய்மானம். ஏறாவிட்டால் வால்வு சரியாக உட்காரவில்லை.

ஏற்காடு மலைப்பாதையே இன்னொரு நல்ல சோதனை. இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் ஏறும்போது விடாமல் நீலப் புகை வந்தால் ரிங் மீது சந்தேகப்படலாம். ஏறும்போது புகை இல்லை, ஆக்சிலேட்டரை விட்டு நீண்ட தூரம் இறங்கி, மறுபடி மிதித்தவுடன் மட்டும் குப்பென்று வருகிறது என்றால் வால்வு ஆயில் சீல் போயிருக்கும். திராட்டில் மூடிய நிலையில் உருவாகும் வெற்றிடம் வால்வு கைடு வழியாக ஆயிலை உறிஞ்சுவதுதான் காரணம். அப்படியானால் போர் போட வேண்டிய அவசியமே இல்லை. சில ஆயிரங்களில் முடியும் வேலைக்கு ஒரு லட்சத்தை இறக்கிவிடாதீர்கள்.

ரிங்தான் என்று உறுதியானால் பிரியுங்கள். போர் கேஜில் மேல், நடு, கீழ் என மூன்று உயரத்திலும், ஒவ்வொன்றிலும் நீளவாட்டு, குறுக்குவாட்டு என இரண்டு திசையிலும் அளந்து எழுதுங்கள். வித்தியாசம் 0.10 மி.மீ.-ஐத் தாண்டினால் போரிங் தேவை. அப்போதும் 0.25-இல் சுத்தமாகுமா என்று முதலில் கேளுங்கள். இந்த என்ஜினுக்குக் கம்பெனி தரும் ஓவர்சைஸ் (பெரிய அளவு பிஸ்டன்) 0.25, 0.50 இரண்டுதான். இப்போதே 0.50-க்குப் போனால் அடுத்த முறை பிளாக்கையே தேட வேண்டிவரும். பவருக்காக 0.50 என்றால் அந்தக் கணக்கும் உதைக்கிறது. 74 மி.மீ. போர், 75.5 மி.மீ. ஸ்ட்ரோக், 1,298 சிசி. போரை 74.5 ஆக்கினால் 1,316 சிசி. ஒன்றரை விழுக்காடு கூட ஏறவில்லை.

பவர் ஹெட்டில் (பிளாக்கின் மேல் உட்காரும், வால்வுகள் உள்ள பகுதி) இருக்கிறது. வால்வு சீட்டை மூன்று கோணத்தில் வெட்டுவது, மேனிஃபோல்டும் போர்ட்டும் சேரும் இடத்தில் படி இல்லாமல் இழைப்பது, கம்ப்ரஷனை அளவாக ஏற்றுவது ஆகிய மூன்றையும் முதல்முறை கட்டுபவர் நம்பிச் செய்யலாம். 9.5-க்கு 1 என்ற கம்ப்ரஷன் விகிதத்தில் ஒரு சிலிண்டருக்கு எரியறைக் கொள்ளளவு சுமார் 38 சிசி. ஹெட்டை 0.5 மி.மீ. சீவினால் ஏறத்தாழ 2 சிசி குறைந்து விகிதம் 10-ஐத் தொடும். அதோடு நிறுத்துங்கள். அதற்கே 95 ஆக்டேன் பெட்ரோல் போடுவது நல்லது. சீவிய அளவுக்கு வால்வும் பிஸ்டனும் நெருங்கிவிடும் என்பதை மறக்க வேண்டாம். கேம் ஷாஃப்ட்டையும் மாற்றுவதானால் இது உயிர்நாடி. பிஸ்டன் தலையில் களிமண் ஒட்டி, ஹெட்டை மாட்டி, டைமிங் பெல்ட் போட்டு, கிராங்கைக் கையால் இரண்டு சுற்று சுற்றுங்கள். பிறகு கழற்றிக் களிமண்ணின் தடிமனைப் பாருங்கள். இன்டேக் பக்கம் 2 மி.மீ., எக்ஸாஸ்ட் பக்கம் 2.5 மி.மீ. மிஞ்ச வேண்டும்.

வாங்கும் வரிசையைத் தவறவிடாதீர்கள். பிஸ்டன் செட் கைக்கு வரும் முன் பிளாக்கை போரிங்குக்குக் கொடுக்கவே கூடாது. "0.25" என்று பெட்டியில் எழுதியிருந்தாலும் ஒவ்வொரு பிஸ்டனும் நூலிழை வேறுபடும். நான்கையும் லேத்தில் கொடுத்து, மைக்ரோமீட்டரில் அளந்து, எண் குறித்து, அந்தந்த பிஸ்டனுக்கு அந்தந்த போர் என்று வெட்டச் சொல்லுங்கள். சாதாரண வார்ப்பு பிஸ்டனுக்கு இடைவெளி 0.02 முதல் 0.04 மி.மீ. ஃபோர்ஜ்டு (வார்க்காமல் அடித்து உருவாக்கிய) பிஸ்டன் சூட்டில் அதிகம் விரியும் என்பதால் இடைவெளி கூடுதலாக வேண்டும். அதற்குத் தயாரிப்பாளரின் தாளில் உள்ள அளவே சட்டம். டர்போ இல்லாத தெருக் காருக்கு ஃபோர்ஜ்டு பிஸ்டன் வீண் செலவு என்பதே எங்கள் கருத்து.

ஒரு லட்சத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தொடாமல் வையுங்கள். ஆயில் பம்ப், வாட்டர் பம்ப், டைமிங் பெல்ட், கிளட்ச் பிளேட், ரேடியேட்டர் எல்லாம் பிரித்த பிறகுதான் வாயைத் திறக்கும்.

கேள்வி: எந்தக் கருவிகளை நல்லதாக வாங்க வேண்டும், எதில் மிச்சம் பிடிக்கலாம்? — வாசகர், சூரமங்கலம்

பதில்: டார்க் ரெஞ்சில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள். 10 முதல் 110 நியூட்டன் மீட்டர் வரை உள்ளது, அளவுச் சான்றிதழோடு வேண்டும். ஃபீலர் கேஜ், பேரிங் இடைவெளி அளக்கும் பிளாஸ்டிகேஜ் இழை, ரிங் கம்ப்ரஸர் ஆகியவை விலை குறைந்தவை, வாங்கிவிடுங்கள். என்ஜின் கிரேனை வாடகைக்கு எடுங்கள். ஷெட்டின் ஓட்டுச் சட்டத்தில் செயின் பிளாக் மாட்டித் தூக்கும் எண்ணம் வேண்டாம். போர் கேஜும் மைக்ரோமீட்டரும் லேத்தில் இருக்கும், அளக்கும்போது கூடவே நில்லுங்கள்.

மாட்டும்போது கெடுவது பெரும்பாலும் மூன்று இடங்களில். ஹோனிங் (போரின் சுவரைக் கல்லால் தேய்த்து முடிப்பது) முடிந்து வந்த பிளாக்கை டீசலில் கழுவி மாட்டுவது முதல் தவறு. கல்லின் பொடி போரின் நுண்துளைகளில் ஒட்டியிருக்கும், டீசல் அதைக் கிளப்பாது. சூடான சோப்புத் தண்ணீரும் பிரஷும் போட்டுத் தேய்த்து, வெள்ளைத் துணியில் சாம்பல் நிறம் வருவது நிற்கும் வரை கழுவி, காய்ந்த கையோடு ஆயில் பூசுங்கள். இரண்டாவது, ரிங் முனை இடைவெளி. ரிங்கை அதன் சிலிண்டரில் வைத்து, பிஸ்டன் தலையால் ஓர் அங்குலம் நேராகத் தள்ளி அளந்தால், மேல் ரிங்குக்கு 0.30 மி.மீ. அருகில் இருக்க வேண்டும். இடைவெளி போதாவிட்டால் சூட்டில் முனைகள் முட்டி பிஸ்டன் விளிம்பையே உடைக்கும். மூன்றாவது, ஹெட் போல்ட் துளைகளில் தங்கிய தண்ணீரும் ஆயிலும். போல்ட் இறங்கும்போது அந்தத் திரவத்துக்கு ஒதுங்க வழியில்லாமல் பிளாக் விரிசல் விடும். காற்றடித்துச் சுத்தம் செய்து, நடுவிலிருந்து வெளியே, மூன்று கட்டமாக, சர்வீஸ் மேனுவல் சொல்லும் அளவுக்கு முறுக்குங்கள்.

கேள்வி: பழைய இரும்புக் கடையில் முழு என்ஜின் கிடைக்கிறது. அதை வாங்கி மாட்டினால் சிக்கல் வருமா? — வாசகர், அம்மாபேட்டை

பதில்: என்ஜின் எண் அழியாமல், அரம் போட்ட தடம் இல்லாமல் இருக்க வேண்டும். எந்த வண்டியிலிருந்து வந்தது என்பதற்கு ஆர்.சி. நகல், எண் குறித்த விற்பனைக் கடிதம் இரண்டும் இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள். திருட்டு என்ஜின் என்றால் பொருளும் போகும், வழக்கும் வரும். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவின்படி என்ஜின் மாற்ற ஆர்.டி.ஓ. அனுமதி வேண்டும். மாற்றிய 14 நாட்களுக்குள் தெரிவித்து ஆர்.சி.யில் பதிய வேண்டும். அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க 182-ஏ பிரிவில் இடமுண்டு. இருக்கும் என்ஜினையே கம்பெனி அளவுக்குள் போரிங் செய்து கட்டுவது பழுதுபார்ப்பு, அதில் இந்தப் பிரச்சினை இல்லை. பவர் ஏற்றும் மாற்றம் எதுவானாலும் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவியுங்கள். மறைத்தால் விபத்து நேரத்தில் கிளெய்ம் மறுக்க அதுவே காரணமாகும்.

கேள்வி: போரிங் செய்து மாட்டிய என்ஜின் 800 கிலோமீட்டரில் பிடித்துக்கொண்டது. "ரன்னிங் சரியா பண்ணல" (புது என்ஜினை முதலில் நிதானமாக ஓட்டிப் பழக்கவில்லை) என்கிறார் பட்டறைக்காரர். பில் இல்லை, பணம் மட்டும் ஆன்லைனில் அனுப்பினேன். — வாசகர், கொண்டலாம்பட்டி

பதில்: பிஸ்டனைத் துடைக்காமல் படம் எடுத்து வையுங்கள், சாட்சி அதுதான். பிஸ்டன் பின்னின் இருபுறமும் நான்கு மூலைகளில் உரசல் இருந்தால் இடைவெளி குறைவாக வெட்டியிருக்கலாம், அல்லது ஓவர்ஹீட். சுற்றிலும் செங்குத்துக் கீறல்கள் என்றால் கழுவாத ஹோனிங் பொடி. தலை அரித்து உருகியிருந்தால் நாக்கிங் (பெட்ரோல் கலவை கட்டுப்பாடில்லாமல் வெடிப்பது), அதற்கு போரிங் பொறுப்பாகாது. வேறொரு பட்டறையில் போர், பிஸ்டன் இரண்டையும் அளந்து, தாளில் கையெழுத்து வாங்குங்கள்.

பில் இல்லாவிட்டாலும் பணம் அனுப்பிய பதிவும் வாட்ஸ்அப் உரையாடலும் ஆதாரமே. அளவுத் தாளோடு பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் 1915 உதவி எண்ணில் புகார் செய்யலாம், சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் மனு போடலாம். செலுத்திய தொகை 5 லட்சம் வரை என்றால் மனுக் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும்.

இனி போரிங்குக்கு பிளாக் கொடுப்பவர்களுக்கு ஒன்று. சங்ககிரி, நாமக்கல் வட்டாரத்தில் லாரி என்ஜின் வேலையில் கைதேர்ந்த பட்டறைகள் நிறைய. ஆனால் 74 மி.மீ. பெட்ரோல் போரைத் தினமும் தொடும் இடம்தான் உங்களுக்குத் தேவை. "கடைசியா எந்த கார் பிளாக் பண்ணீங்க, ஹோனிங் மெஷின்லயா கையிலயா, அளவு எழுதித் தருவீங்களா?" என்று கேளுங்கள். எழுதித் தர மறுக்கும் இடத்தில் பிளாக்கை இறக்காதீர்கள்.

கேள்வி: ஆன்லைனில் 15 விழுக்காடு பவர் தரும் சிப், கூம்பு ஃபில்டர், இரிடியம் பிளக் சேர்த்து ஒரு கிட் விற்கிறார்கள். — வாசகர், செவ்வாய்ப்பேட்டை

பதில்: வாங்காதீர்கள். அந்த விலைக்கு வரும் சிப்பில் பெரும்பாலும் சென்சாரை ஏமாற்றும் ஒரு ரெசிஸ்டர்தான் இருக்கும். பானட்டுக்குள் திறந்து கிடக்கும் கூம்பு ஃபில்டர் ரேடியேட்டரின் சூடான காற்றை உறிஞ்சும், சேலம் வெயிலில் பவர் குறையத்தான் செய்யும். இரிடியம் பிளக் நீண்ட நாள் உழைக்கும், அவ்வளவே.

கேள்வி: ஏற்காட்டில் இருக்கிறேன். கார்புரேட்டர் மாருதி 800, புதிதாகக் கட்டியது. மேலே கரும்புகை, பவர் இல்லை. பெரிய ஜெட் (கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் துளை) போடச் சொல்கிறார்கள். — வாசகர், ஏற்காடு

பதில்: பெரிய ஜெட் நிலைமையை மோசமாக்கும். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். சேலத்தைவிடக் காற்றின் அடர்த்தி பத்து விழுக்காட்டுக்கு மேல் குறைவு. காற்று குறைந்தாலும் கார்புரேட்டர் அதற்கேற்பப் பெட்ரோலைக் குறைப்பதில்லை, அதனால்தான் கரும்புகை. பவர் குறைவதில் ஒரு பங்கு இயற்கை, எந்த ஜெட்டும் அதை மீட்காது. முதலில் ஏர் ஃபில்டர், முழுசாகத் திறக்காத சோக், ஃப்ளோட் மட்டம் மூன்றையும் பாருங்கள். வண்டி மேலேயே ஓடுவதானால் மெயின் ஜெட்டை ஒரு அளவு சிறியதாக்கலாம். அடிக்கடி சேலம் இறங்குபவர் ஜெட்டைத் தொடாமல் ஐட்லிங் கலவைத் திருகை மட்டும் திருத்துங்கள். மேலே சரியான சிறிய ஜெட், கீழே அடர்த்தியான காற்றில் பெட்ரோல் பற்றாமல் எக்ஸாஸ்ட் வால்வைச் சுட்டுவிடும்.

இக்னிஷன் டைமிங்கையும் மேலே வைத்து முடிவு செய்யாதீர்கள். மெல்லிய, குளிர்ந்த காற்றில் நாக்கிங் காதுக்கே வராது. சித்திரை மதியத்தில் அடிவாரத்திலிருந்து மூன்றாம் கியரில் ஏறிப் பாருங்கள். அங்கே கிணுகிணுக்காவிட்டால் எங்கும் பயமில்லை. ஆனால் இந்தச் சோதனை 500 கிலோமீட்டர் ஓடிய பிறகுதான். அதுவரை மினரல் ஆயில் போட்டு, ஓமலூர் சாலை மாதிரி சமதளத்தில் வேகத்தை ஏற்றி இறக்கி ஓட்டுங்கள். முதல் 50 கிலோமீட்டரில் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றி, பழைய ஃபில்டரை வெட்டி விரித்துப் பாருங்கள். மெல்லிய சாம்பல் பூச்சு இயல்பு. மின்னும் சிம்பு தெரிந்தால் வண்டியை நிறுத்தி, ஆயில் பேனை இறக்கி பேரிங்கைப் பாருங்கள்.