குமிழை அமுக்கினால் ஓடுகிறது, விட்டால் நிற்கிறது

கேள்வி: வள்ளத்தின் பின்புறம் மாட்டும் பழைய 9.9 குதிரைத்திறன் அவுட்போர்டு மோட்டார் ஒன்றை வாங்கி நான்கு மாதம் ஆகிறது. இரண்டு ஸ்ட்ரோக், பெட்ரோலில் ஓடுவது. கடல் சரியில்லாததால் அதில் இரண்டு மாதம் சும்மா கிடந்தது. இப்போது கரையோரம் ஸ்டார்ட் செய்தால் ஒரே இழுப்பில் எடுக்கிறது, மெதுவாகப் போனாலும் பிரச்சினை இல்லை. முழு வேகம் கொடுத்தால் ஐந்தாறு நிமிடத்தில் திணறி நின்றுவிடுகிறது. டேங்கிலிருந்து வரும் குழாயில் உள்ள ரப்பர் குமிழை ஒருவர் அமுக்கிக்கொண்டே இருந்தால் ஓடுகிறது. மெக்கானிக் கார்புரேட்டரை மாற்றச் சொல்கிறார். மாற்றலாமா? விற்றவரிடம் பணத்தைத் திருப்பிக் கேட்க முடியுமா?
– குளச்சல் வாசகர்

பதில்: கார்புரேட்டரில் இப்போதைக்குக் கை வைக்காதீர்கள். குமிழை அமுக்கினால் ஓடுகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், பாதி விடை அதில் இருக்கிறது. கார்புரேட்டருக்குள் ஜெட் (பெட்ரோல் போகும் சின்னத் துளை) அடைத்திருந்தால் வெளியே எவ்வளவு அமுக்கினாலும் பலன் இருக்காது. கையால் தள்ளினால் பெட்ரோல் போய்ச் சேருகிறது, தானாகப் போகவில்லை. அப்படியென்றால் கோளாறு பெரும்பாலும் அதற்கு முன்னால், டேங்க், குழாய், ஃபில்டர், ஃப்யூயல் பம்ப் இந்த நான்கில் ஒன்றில்தான். கார்புரேட்டர் வாயிலில் உள்ள ஊசி வால்வு பிசுபிசுத்திருந்தாலும் இப்படி ஆவதுண்டு, ஆனால் அதற்குக் கழற்றிக் கழுவினால் போதும். மெதுவாக ஓடும்போது தேவை கொஞ்சம் என்பதால் குறை தெரிவதில்லை.

முதலில் ஒரு எச்சரிக்கை. கோளாறு தெரியும்வரை ஆளை வைத்து அமுக்கிக்கொண்டே தொழிலுக்குப் போக வேண்டாம். உங்கள் மோட்டாருக்கு ஆயில் வருவதும் பெட்ரோலோடுதான். பெட்ரோல் குறைந்தால் ஆயிலும் குறையும், பிஸ்டன் சூடேறிப் பிடித்துக்கொள்ளும். அப்புறம் கார்புரேட்டர் விலையெல்லாம் சின்னக் காசாகிவிடும்.

காசு செலவில்லாத சோதனை ஒன்று இருக்கிறது. அதே மாதிரி மோட்டார் வைத்திருக்கும் பக்கத்து வள்ளக்காரரிடம் டேங்கையும் குழாயையும் சேர்த்து ஒரு நாள் இரவல் வாங்குங்கள். மாட்டும் முனை ஒன்றாக இருக்க வேண்டும், ஆயில் கலந்த பெட்ரோலாகவும் இருக்க வேண்டும். முழு வேகத்தில் பத்து நிமிடம் ஓட்டுங்கள். நிற்காமல் ஓடினால் மோட்டாரில் குறையில்லை, உங்கள் டேங்க் அல்லது குழாயில்தான். அப்போதும் நின்றால் மோட்டாரோடு இருக்கும் ஃபில்டரையும் பம்பையும் பாருங்கள்.

இரவல் கிடைக்காவிட்டால், திணறத் தொடங்கும் அந்த நேரத்தில் குமிழைப் பாருங்கள். உறிஞ்சப்பட்டு ஒட்டிப்போயிருந்தால் அடைப்பு டேங்க் பக்கம். டேங்க் மூடியில் காற்றுக்கான திருகு இருக்கிறதே, முதலில் அதைத் திறந்து பாருங்கள். சிரிக்காதீர்கள். ஒருமுறை கரையிலிருந்து அரை மணி தூரத்தில் நாங்கள் மூன்று பேர் பிளக்கைக் கழற்றி, ஃபில்டரைக் கழற்றி, வெயிலில் வெந்துகொண்டிருந்தோம். கூட வந்த பையன் சும்மா மூடித் திருகைத் திருப்பினான். 'புஸ்ஸ்' என்று டேங்க் காற்றை இழுத்தது, சப்பையாகக் கிடந்த குமிழ் எங்கள் கண்முன்னே உப்பிக்கொண்டு வந்தது. திருகு திறந்திருந்தும் குமிழ் ஒட்டுகிறது என்றால், டேங்குக்குள் இறங்கும் குழாயின் அடியில் உள்ள சல்லடையைக் கழுவுங்கள். பழைய குழாயில் உள்பக்கத் தோல் உரிந்து வழியை அடைப்பதும் உண்டு. வெளியே புதிதுபோலவே தெரியும்.

குமிழ் ஒட்டாமல் இருந்தும் மோட்டார் நிற்கிறதா? காற்று புகுகிறதா என்று பாருங்கள். குமிழுக்கும் டேங்குக்கும் இடையில் விரிசல் இருந்தால் ஒரு சொட்டுகூட வெளியே கசியாது, காற்றை மட்டும் உள்ளே இழுக்கும். அதனால்தான் பலர் கண்ணில் படுவதில்லை. ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவே பெட்ரோல் தாங்கும், உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் குழாய்த் துண்டு ஒன்றை மாட்டி ஓட்டினால் காற்றுக் குமிழிகள் ஓடுவது தெரிந்துவிடும். பெரும்பாலும் குற்றவாளி, மாட்டும் முனைக்குள் இருக்கும் சின்ன ரப்பர் வளையம்.

காற்றுக் குமிழி இல்லையென்றால் பம்பைத் திறக்கலாம். அதில் உள்ள டயாபிரம் என்ற மெல்லிய சவ்வை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஊசித்துளை இருந்தாலோ, விறைத்துச் சுருங்கியிருந்தாலோ மாற்ற வேண்டும். டயாபிரமும் கேஸ்கெட்டும் சேர்ந்த கிட் தனியாகக் கிடைக்கும், முழு பம்ப் வாங்கத் தேவையில்லை.

இரண்டு மாதம் சும்மா கிடந்தது என்கிறீர்கள், அதையும் விட்டுவிட முடியாது. இப்போது பங்க்கில் வரும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். பல அவுட்போர்டு கம்பெனிகளின் கையேடுகள் 10 சதவீதம்வரைதான் அனுமதிக்கின்றன. எத்தனால் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பரைக் கெடுக்கும். கார்புரேட்டர் கிண்ணத்தின் அடித்திருகைத் திறந்து கொஞ்சம் பெட்ரோலைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்து அசையாமல் வையுங்கள். அடியில் தனிப் படலம் நின்றால் தண்ணீர். டேங்கைக் காலி செய்து புதிதாக ஊற்றுங்கள்.

குழாய் மாற்றுவதாக இருந்தால் படகு பெட்ரோலுக்கென்றே விற்கும் குழாயை, குமிழோடு செட்டாக வாங்குங்கள். குமிழின் மேல் உள்ள அம்புக்குறி மோட்டாரைப் பார்க்க வேண்டும்.

விற்றவர் உங்களைப் போல ஒரு தொழிலாளி, தன் மோட்டாரை விற்றார் என்றால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போக வழியில்லை. கடை வைத்துப் பழைய மோட்டார் விற்பவரிடம் பில்லோடு வாங்கியிருந்தால் போகலாம். மீன்பிடிக்க வாங்கியது வணிகம்தானே என்று அவர் சொன்னால் அசராதீர்கள். சொந்தமாக உழைத்துப் பிழைக்க வாங்கிய பொருளை 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வணிக நோக்கம் என்று கணக்கில் எடுப்பதில்லை. பிரச்சினை எழுந்த 2 ஆண்டுக்குள் மாவட்ட ஆணையத்தில் புகார் கொடுக்க வேண்டும். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்வரை என்றால் புகாருக்குக் கட்டணம் இல்லை. முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915இல் பேசிப் பாருங்கள். ஆனால் இது குழாய்க் கோளாறு என்று தெரிந்துவிட்டால் வழக்கை விட, புதுக் குழாய் மலிவு.

மெக்கானிக் விஷயம். அவர் கார்புரேட்டர்தான் என்று பிடிவாதமாக நின்றால், 'முழு வேகத்தில் நிற்பதைச் சரிசெய்ய' என்று பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள், பழையதையும் கேட்டு வாங்கி வையுங்கள். எழுதத் தயங்கினால் புரிந்துகொள்ளலாம்.

கேள்வி: என் மண்ணெண்ணெய் மோட்டார் காலையில் ஸ்டார்ட் ஆகவே அரை மணி நேரம் எடுக்கிறது. பிளக் மாற்றியும் அதே கதை. பம்ப் போய்விட்டதா?
– முட்டம் வாசகர்

பதில்: உங்கள் மோட்டார் பெட்ரோலில் ஸ்டார்ட் ஆகி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாறுவது. முந்தின நாள் எதில் ஓடும்போது நிறுத்தினீர்கள்? மண்ணெண்ணெயில் என்றால், காலையில் கார்புரேட்டர் கிண்ணம் நிறைய அதுதான் இருக்கும், குளிர்ந்த மோட்டாரில் அது எளிதில் ஆவியாகாது. கரை நெருங்கும்போதே பெட்ரோலுக்கு மாற்றி இரண்டு மூன்று நிமிடம் ஓட்டிவிட்டு நிறுத்துங்கள். மறந்துவிட்ட நாளில் கிண்ணத்தின் திருகைத் திறந்து வடித்துவிட்டுப் பெட்ரோலை ஏற்றுங்கள். இப்படி ஒரு வாரம் பார்த்துவிட்டுப் பம்பைப் பற்றி யோசிக்கலாம். கழற்றிய பழைய பிளக்கை எறிந்துவிடாதீர்கள், துடைத்து வள்ளத்திலேயே வைத்திருங்கள்.