தம்பியின் லேப்டாப் – கடிதமும் பதிலும்

ஐயா, வணக்கம்.

என் தம்பி பிளஸ் டூ படித்தபோது, 2013-ல், அரசு கொடுத்த லேப்டாப் எங்கள் வீட்டு பீரோவில் கிடக்கிறது. அவன் துபாய் போய்ப் பல வருடங்கள் ஆகின்றன. என் மகள் இந்த வருடம் பதினொன்றாம் வகுப்பில் கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்திருக்கிறாள். பள்ளி லேபில் வாரம் ஒருமுறைதான் உட்காரக் கிடைக்கிறது, அதுவும் ஒரு மெஷினுக்கு இரண்டு பேர். லேப்டாப்பைக் கடையில் காட்டினேன். ஆன் ஆகிறது, ஆனால் பத்து நிமிடம் காத்திருக்க வேண்டியிருக்கிறது. பேட்டரி நிற்பதில்லை. எஸ்எஸ்டி, ரேம், பேட்டரி, கீபோர்டு, விண்டோஸ் 10 எல்லாம் சேர்த்து 8,500 ரூபாய் கேட்கிறார். 'இது 32 பிட் மெஷின், எவ்வளவு செலவு செய்தாலும் ஓரளவுக்குத்தான்' என்றும் சொல்கிறார். என் கணவர், பழைய இரும்புக் கடையில் போட்டுவிட்டுத் தவணையில் புதிதாக வாங்கலாம் என்கிறார். அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன். செலவு செய்யலாமா?

(பெயர் வேண்டாம்)
திருவாரூர் மாவட்டம்

அன்புள்ள சகோதரிக்கு,

செலவு செய்யலாம். ஆனால் 8,500 ரூபாய் தேவையில்லை, அதில் பாதிகூட ஆகாமல் முடிக்கப் பாருங்கள். அதற்கும் முன்னால் ஒரு ரூபாயும் செலவில்லாத ஒரு சோதனை இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் உங்கள் மகள். அந்த லேப்டாப்புக்கு எத்தனை வயது என்பதைவிட, அடுத்த இரண்டு வருடம் அவள் அதில் என்ன செய்யப்போகிறாள் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் பதினொன்றாம் வகுப்புக்கு சி பிளஸ் பிளஸ் என்ற நிரல் மொழி, பன்னிரண்டாம் வகுப்புக்கு பைதான் என்ற நிரல் மொழியும், தகவல்களைச் சேமித்துத் தேட உதவும் மைஎஸ்க்யூஎல்லும். பாடப்புத்தகத்தில் வருகிற அளவுக்கான நிரல்களை ஓட்ட 2013-ஆம் ஆண்டு மெஷினே தாராளம். இருபது வரி நிரலை எழுதி, பிழை வந்து, எங்கே அரைப்புள்ளி விட்டுப்போனது என்று தேடி, திருத்தி, மறுபடி ஓட்டிப் பார்க்க வேண்டும். அதை அவள் தனியாக, பக்கத்தில் யாரும் அவசரப்படுத்தாமல், தினமும் அரை மணி நேரம் செய்ய வேண்டும். வாரம் ஒருமுறை, இன்னொரு பிள்ளையோடு கீபோர்டைப் பங்குபோட்டுக்கொண்டு யாருக்கும் நிரல் எழுத வராது. போனில் பழகலாம் என்று சிலர் சொல்வார்கள். அந்தச் சின்னத் திரையில் அடைப்புக்குறி தேடியே பிள்ளைக்குச் சலித்துப்போகும். அவள் தொட்டுப் பழக ஒரு கீபோர்டு உங்கள் பீரோவிலேயே இருக்கிறது என்பது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தருகிற செய்தி.

அடுத்து அந்த '32 பிட்' விஷயம். ஸ்டிக்கரில் பென்டியம் பி960, 2 ஜிபி ரேம், விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர் என்று இருக்கிறது. பி960 ஒரு 64 பிட் ப்ராசஸர், அதாவது 32 பிட்டைவிட அதிக ரேமைக் கையாளக்கூடியது. 32 பிட்டாக இருப்பது அதற்குள் போட்டிருக்கும் விண்டோஸ்தான். ஸ்டார்ட்டர் என்பது மைக்ரோசாஃப்ட் அடிமட்ட விலைக்கென்று வெட்டிக் குறைத்துக் கொடுத்த பதிப்பு. 32 பிட்டில் மட்டுமே வந்தது, 2 ஜிபிக்கு மேல் ரேம் போட்டாலும் எடுத்துக்கொள்ளாது, திரையின் பின்னணிப் படத்தைக்கூட மாற்ற விடாது. கடைக்காரர் திரையில் தெரிந்ததைப் பார்த்துச் சொல்லியிருப்பார். மெஷினால் அதைவிட அதிகம் முடியும்.

பத்து நிமிடம் காத்திருப்பதற்குப் பெரும்பாலும் ஹார்ட் டிஸ்க்தான் காரணம். அந்தக் கால லேப்டாப் ஹார்ட் டிஸ்க்குகளில் பெரும்பாலானவை நிமிடத்துக்கு 5,400 முறை சுற்றும் தட்டுகள் கொண்டவை. ஒவ்வொரு சிறு கோப்புக்கும் உள்ளே இருக்கும் கை நகர்ந்து, தட்டில் சரியான இடம் சுற்றி வரும்வரை காத்திருக்க வேண்டும். கணினி ஆன் ஆகும்போது அப்படி ஆயிரக்கணக்கான கோப்புகளைத் தேடுகிறது. ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகப் போடுகிற எஸ்எஸ்டியில் சுற்றுவதற்கும் நகர்வதற்கும் எதுவுமில்லை. பழைய லேப்டாப்பில் ஒரே ஒரு பாகத்துக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் அந்தப் பணம் எஸ்எஸ்டிக்குப் போகட்டும். 2.5 அங்குல சாட்டா வகை, 240 அல்லது 256 ஜிபி போதும். புதிதாக, ரசீதோடு வாங்குங்கள். பழைய எஸ்எஸ்டி மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம், எழுத எழுதத் தேய்கிற பொருள் அது.

ரேம் அப்படித் தேய்வதில்லை. கழற்றி எடுத்த பழைய ரேமையே தயங்காமல் வாங்கலாம். உங்களுக்கு வேண்டியது லேப்டாப்புக்கான டிடிஆர்3 என்ற வகை ரேம். அதில் 'எல்' என்று முடிகிற டிடிஆர்3எல் கிடைத்தால் இன்னும் நல்லது. அது 1.35 வோல்ட்டிலும் ஓடும், உங்கள் மெஷின் கொடுக்கும் 1.5 வோல்ட்டிலும் ஓடும். 4 ஜிபி துண்டு ஒன்று போட்டால் போதும். இருக்கிற 2 ஜிபியை எடுக்க வேண்டியதில்லை, அடியில் இரண்டு இடம் இருந்தால்.

பேட்டரியை விட்டுவிடுங்கள். பத்து வருடத்துக்கு முந்தைய மாடலுக்கு இன்று கிடைப்பவை பெரும்பாலும் போலி, அல்லது தயாரித்து வருடக்கணக்காக அலமாரியில் கிடந்தவை. வீட்டில் மேசையில் வைத்து அடாப்டரில் ஓட்டட்டும். கரண்ட் போனால் அணைந்துவிடும், ஆகவே அடிக்கடி சேவ் செய்யும் பழக்கம் வேண்டும். கீபோர்டில் நாலைந்து எழுத்துகள்தான் வேலை செய்யவில்லை என்றாலும் மாற்றவேண்டாம், சில நூறு ரூபாய்க்கு யூஎஸ்பி கீபோர்டு கிடைக்கிறது. அது அடுத்த கணினிக்கும் உதவும்.

விண்டோஸ் 10 வேண்டவே வேண்டாம். அதற்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 முறைப்படி கேட்கிற டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி போன்றவை உங்கள் மெஷினில் கிடையாது. கடையில் அந்த விலைக்குள் போட்டுத் தரும் விண்டோஸ் பெரும்பாலும் பூட்டு உடைத்த நகலாகத்தான் இருக்கும். உள்ளே என்ன சேர்த்து அனுப்பியிருக்கிறார்கள் என்று யாருக்கும் தெரியாத ஒன்றை ஒரு குழந்தையின் கணினியில் வைப்பது எனக்குச் சம்மதமில்லை. இருக்கிற விண்டோஸ் 7-ஐயும் இணையத்தில் இணைக்காதீர்கள். அதற்கான ஆதரவு 2020 ஜனவரியில் முடிந்தது, குரோம் உலாவியும் 109-ஆம் பதிப்போடு அதைக் கைவிட்டுவிட்டது.

விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மிண்ட் என்ற இயங்குதளத்தைப் போடுங்கள், அதில் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான பதிப்பு. காசு கிடையாது, முறையாகப் பாதுகாப்புத் திருத்தங்கள் வரும். புதிது என்று பயப்பட வேண்டாம். உங்கள் மகளின் பதினொன்றாம் வகுப்புப் புத்தகத்திலேயே விண்டோஸுக்கு அடுத்து உபுண்டு என்ற லினக்ஸ் வகை பற்றிப் பாடம் இருக்கிறது. மிண்ட் அந்த உபுண்டுவின்மேல் கட்டப்பட்டதுதான். தமிழ்நாட்டு இலவச லேப்டாப் திட்டம் 2011 செப்டம்பர் 15-ல் தொடங்கியபோது, மாநில அரசின் எல்காட் நிறுவனம் வாங்கிக் கொடுத்த கணினிகளில் விண்டோஸோடு, மத்திய அரசின் சிடாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. லட்சக்கணக்கான வீடுகளுக்கு லினக்ஸ் போய்ச் சேர்ந்தும், அதை எப்படிப் பயன்படுத்துவது என்று சொல்லித்தர ஆளில்லாமல் போனது எனக்கு இன்றும் வருத்தம். இப்போது நிலைமை பரவாயில்லை. கணியம் என்ற இணையதளத்தில் தமிழிலேயே கட்டுரைகள் இருக்கின்றன. காஞ்சிபுரத்திலும் விழுப்புரத்திலும் லினக்ஸ் குழுக்கள் இருக்கின்றன, தெரியாததைக் கேட்டால் பொறுமையாகச் சொல்வார்கள்.

இனி அந்தச் செலவில்லாத சோதனை. தெரிந்தவர் யாரிடமாவது 8 ஜிபி பென் டிரைவ் ஒன்றில் மிண்ட்டை ஏற்றித் தரச் சொல்லுங்கள். ரூஃபஸ் என்ற சிறு மென்பொருளால் கால் மணி நேரத்தில் செய்துவிடலாம். அதை லேப்டாப்பில் செருகி, ஆன் ஆகும்போது வரும் பூட் மெனுவில் பென் டிரைவைத் தேர்ந்தெடுத்தால் ஹார்ட் டிஸ்க்கைத் தொடாமல் பென் டிரைவிலிருந்தே மிண்ட் ஓடும். 2 ஜிபியில் மெதுவாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். வைஃபை பிடிக்கிறதா, சத்தம் வருகிறதா, திரையில் கோடு விழுகிறதா, கீபோர்டில் எந்த எழுத்துகள் போயிருக்கின்றன, ஒரு மணி நேரம் ஓடியபின் தானாக அணைகிறதா என்று பாருங்கள். தானாக அணைந்தால் விசிறியில் தூசி அடைத்திருக்கலாம், சுத்தம் செய்து, ப்ராசஸர்மேல் சூடு கடத்தப் பூசியிருக்கும் தெர்மல் பேஸ்ட்டை மாற்றினால் போதும். திரையே மினுங்கினால், அல்லது ரேமைக் கழற்றி மாட்டியபின்னும் சில நேரம் ஆன் ஆகாமல் அடம்பிடித்தால், மதர்போர்டில் கோளாறு இருக்கலாம். அங்கேயே நிறுத்திவிடுங்கள். அதற்குமேல் போடுகிற பணம் திரும்பி வராது.

உங்கள் கணவர் சொல்வதையும் தள்ளிவிட முடியாது. தவணையில் வாங்குவது தவறில்லை, வாங்கும் நேரம்தான் இதுவல்ல என்று நினைக்கிறேன். குறைந்த விலைப் புதிய லேப்டாப்புகள் பலவற்றில் ரேமைப் போர்டிலேயே பற்றவைத்துவிடுகிறார்கள், பின்னால் கூட்ட முடியாது. இரண்டு வருடம் கழித்து அவள் எந்தப் படிப்புக்குப் போகிறாள் என்று தெரிந்தபின், அந்தப் படிப்புக்கு வேண்டியதை வாங்கலாம். பழுது பார்க்கும் செலவுக்கு நான் வைக்கும் எல்லை இது: அதே கடையில், நல்ல நிலையில் உள்ள செகண்ட் ஹேண்ட் ஆபீஸ் லேப்டாப் என்ன விலை என்று கேளுங்கள். உங்கள் செலவு அதில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் அந்த செகண்ட் ஹேண்டையே வாங்கிவிடுங்கள்.

எல்லாம் சரியாக நடந்தாலும் சில குறைகள் இருக்கும். யூடியூப் வீடியோ திணறும். யூடியூப் இப்போது அனுப்பும் வீடியோ வடிவங்களைப் பிரித்துக் காட்டும் வசதி அந்தக் கால கிராபிக்ஸில் இல்லை, முழுச் சுமையும் ப்ராசஸர்மேல் விழுகிறது. உலாவியில் ஹெச்264ஐஃபை என்ற இணைப்பைச் சேர்த்து, 480பி என்ற குறைந்த தரத்தில் பார்த்தால் ஓடும். குரோம் டேப் பத்துப் பதினைந்து திறந்தால் தள்ளாடும். விண்டோஸில் மட்டும் ஓடும் தேர்வு மென்பொருள் ஏதாவது பின்னால் தேவைப்பட்டால் அதற்கு வேறு கணினிதான் பார்க்க வேண்டும்.

பழைய பேட்டரியைக் கழற்றிப் பாருங்கள். உப்பியிருந்தால் திரும்ப மாட்டவேண்டாம், குத்தவோ வெயிலில் வைக்கவோ வேண்டாம். பழைய இரும்புக் கடைக்கும் குப்பைத் தொட்டிக்கும் போகக்கூடாத பொருள் அது, மின்கழிவு வாங்குகிறவர்களிடம்தான் கொடுக்க வேண்டும். ஹார்ட் டிஸ்க்கைக் கடையில் விட்டுவிட்டு வராதீர்கள். கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். யூஎஸ்பி கேஸ் ஒன்றில் போட்டால் உள்ளே இருப்பதை வெளியே எடுத்துவிடலாம். பள்ளி, கல்லூரிக் காலத்துப் படங்கள் அதில் இருக்கும், எதையும் அழிக்கும் முன் தம்பியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

அன்புடன்.