ஆய்வகத்தில் தோல் வளர்க்கிறார்கள், ஏன் முழுக் கல்லீரலை வளர்க்க முடியவில்லை?

தண்ணீர்ப் பிரச்சினைதான். நம்ம குமரி மாவட்டத்தில் பேச்சிப்பாறை அணை நிறைந்து கிடந்தாலும், கால்வாய் இல்லையென்றால் தோவாளை வயல் காய்ந்துவிடும். உடலின் ஒவ்வொரு செல்லும் அப்படித்தான். ரத்தக்குழாயிலிருந்து ஏறக்குறைய 0.2 மில்லிமீட்டருக்குள் இருந்தால்தான் அதற்குப் போதிய ஆக்சிஜன் கிடைக்கும். தோல் மெல்லியது, சமாளித்துவிடும். தடித்த திசுவின் நடுப்பகுதி செத்துப்போகும்.

சரி, குழாயை எப்படி வைப்பது? ஆய்வாளர்கள் ஜோர்டன் மில்லர், கிறிஸ்டோபர் சென் குழுவினர் 2012-இல் செய்து காட்டிய வழி எனக்கு மிகவும் பிடித்தது. முதலில் சர்க்கரைப் பாகால் ஒரு வலையை முப்பரிமாணமாக அச்சிட்டார்கள். செல்கள் கலந்த கூழை அதன்மேல் ஊற்றி உறைய வைத்தார்கள். அப்புறம் சர்க்கரையைக் கரைத்துவிட்டார்கள். கற்கண்டு கரைந்துபோனால் நூல் மட்டும் மிஞ்சுமே, இங்கே நேர்மாறாக வெற்றுப் பாதை மிஞ்சுகிறது. அதன் உட்சுவரில் ரத்தக்குழாய்ச் செல்களைப் படிய வைத்தார்கள். அந்தப் பூச்சு இல்லாவிட்டால் ரத்தம் உறைந்து அடைத்துக்கொள்ளும். 2016-இல் ஹார்வர்டில் ஜெனிஃபர் லூயிஸ் குழு, கரைந்து வெளியேறும் மையைக் கொண்டு 1 சென்டிமீட்டருக்கும் அதிகத் தடிமனான திசுவை 6 வாரத்துக்கு மேல் உயிரோடு வைத்திருந்தது.

பெரிய கால்வாய் வெட்டியாயிற்று, வயலுக்குள் போகும் சின்ன வாய்க்கால்தான் கஷ்டம். நுண்குழாயின் அகலம் 0.01 மில்லிமீட்டர்கூட வராது. அவ்வளவு நுணுக்கமாக, அத்தனை கோடிக் குழாய்களை அச்சிடுவது நடைமுறையில் முடியாது. அதனால் செல்களே கிளைவிட்டு வளரத் தூண்டுகிறார்கள். கல்லீரல் அங்கேதான் காத்திருக்கிறது.