ஸ்பிரிங்கை வெட்டும் முன் பின்பக்கத்தை அளந்து பாருங்கள்

செந்தூல் வாசகர் ஒருவர், தம் 1977ஆம் ஆண்டு எம்ஜிபி ரோட்ஸ்டர் என்ற திறந்த கூரை பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரின் முன்பக்கம் தூக்கலாகத் தெரிகிறது என்றும், முன் ஸ்பிரிங்கில் ஒன்றரைச் சுற்றை வெட்டினால் சரியாகிவிடும் எனப் பட்டறைக்காரர் சொல்கிறார் என்றும் எழுதி, வெட்டலாமா என்று கேட்டிருக்கிறார்.

வேண்டாம் ஐயா. அமெரிக்க விதிகளுக்காக, ரப்பர் பம்பர் வந்த 1974ஆம் ஆண்டின் பிற்பகுதியிலிருந்து இந்தக் காரைத் தொழிற்சாலையிலேயே ஏறத்தாழ 1 அங்குலம் உயர்த்திவிட்டார்கள். எனவே உயரமாக நிற்பது மட்டும் பழுதாகாது. முன்பக்கம் மட்டும் தூக்கலாகத் தெரிந்தால், பின்னாலுள்ள பட்டை ஸ்பிரிங்குகள் இத்தனை ஆண்டுப் பாரத்தில் தொய்ந்திருக்கலாம். சமதளத்தில் நிறுத்தி, டயர்களில் சரியான காற்று வைத்து, சக்கர மையத்திலிருந்து மட்கார்ட் விளிம்பு வரை நான்கு பக்கமும் அளந்து எழுதுங்கள். பின்பக்கம் தொய்ந்திருப்பது தெரிந்தால், முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

முன் ஸ்பிரிங், சக்கரத்தைத் தாங்கும் கீழ்க்கையின் நடுப்பகுதியில் அமர்ந்திருப்பதால், அங்கே குறைக்கும் உயரம் சக்கரத்தருகே ஏறக்குறைய இரு மடங்காகத் தெரியும். வெட்டிய முனை, ஸ்பிரிங் உட்காரும் தட்டில் சரியாக அமராது. சுற்று குறைந்த ஸ்பிரிங் விறைப்பும் கூடிவிடும். இந்தக் காரில் அதிர்வைத் தணிக்கும் அப்சார்பரின் கையே சக்கரத்தின் மேல்கையாகவும் வேலை செய்வதால், அந்த விறைப்பை அடக்கும் சுமை முழுவதும் பழைய அப்சார்பர்மீதே விழும். நம் ஊர் வேகத்தடைகளில் கார் ஒவ்வொரு முறையும் தடுப்பு ரப்பரில் மோதும்.

இதற்கு ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. முந்தைய உரிமையாளர் யாராவது ஸ்பிரிங்குக்கும் அது உட்காரும் தட்டுக்கும் இடையே உயரம் கூட்டும் வளையத்தைச் செருகியிருக்கலாம். அப்படியொன்று இருந்தால், அதைக் கழற்றுவது கார் முதலில் இருந்த நிலைக்குத் திரும்புவதுதான். அது மாற்றம் ஆகாது. ஆனால் இரு பக்கத்திலும் ஒரே தடிமனில் இருந்ததா என்று பார்த்து, இரண்டையும் சேர்த்தே கழற்ற வேண்டும். அழுத்தத்தில் இருக்கும் ஸ்பிரிங் ஆளைக் கொல்லும் வலு உடையது. ஆகவே இதை வீட்டு வாசலில் செய்யாதீர்கள்.

அதன் பிறகும் தாழ்த்த விரும்பினால், இந்தக் காருக்கென்றே தயாரான குட்டை ஸ்பிரிங்கை ஜோடியாக வாங்கிப் போட்டு, சக்கர அலைன்மெண்ட்டும் செய்துகொள்ளுங்கள்.

இப்படி மாற்ற அனுமதி வேண்டும். அதில் எனக்கு மிகவும் எரிச்சலூட்டுவது, காசு வாங்கிக்கொண்டு அனுமதி வேலையை முடித்துத் தருவதாகச் சொல்லும் இடைத்தரகர்களான ரன்னர்கள்தாம். "காகிதத்தை நான் பார்த்துக்கொள்கிறேன், பணத்தை மட்டும் கொடுங்கள்" என்பவரிடம் ஒரு ரிங்கிட்கூடக் கொடுக்காதீர்கள். வாகன மாற்றத்துக்குச் சாலைப் போக்குவரத்து இலாகாவிடம் முன்கூட்டியே அனுமதி பெற வேண்டியது உரிமையாளரின் பொறுப்பு. ரன்னர் மறைந்த பிறகு சாலையில் நிறுத்தப்படுவது நீங்கள்தான். நேர்மையாகக் கேட்கப் போகிறவரை ஒரு கவுண்டரிலிருந்து இன்னொரு கவுண்டருக்கு அலைய விடுவதால்தான் இவர்களுக்குப் பிழைப்பு நடக்கிறது. அந்த அலைச்சலை நானும் பட்டிருக்கிறேன். ஆனாலும் நீங்களே சென்று, பதிலை எழுத்தில் வாங்குங்கள். பழைய ஸ்பிரிங்குகளைப் பட்டறையில் விட்டுவராதீர்கள். அனுமதி மறுக்கப்பட்டால் திரும்பப் பொருத்த அவை வேண்டும்.