மலைக்கு ஒரு கொலம் போடலாமா? பலருக்குப் பல உறவைக் கட்டமாகக் காட்டுவது எப்படி?

கேள்வி: "இலங்கை மலையகத்தில் போகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்ட ஒபிசுக்கு வெப்பேஜ் செய்கிறேன், பிஎச்பியும் மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸும். தொழிலாளர் ஒரு டேபிள், மலைகள் (கொழுந்து எடுக்கும் தோட்டப் பகுதிகள்) ஒரு டேபிள். ஒரு ஆள் பல மலையில் கொழுந்து எடுக்கிறார், ஒரு மலையில் பலர் எடுக்கிறார்கள். கட்டமாகக் காட்டுவதற்குத் தொழிலாளர் டேபிளிலேயே மலைக்கு ஒரு கொலம் போட்டுவிடலாமா?"

போடாதீர்கள். ஆட்கள் கீழ்நோக்கியும் மலைகள் குறுக்காகவும் வரும் கட்டம் திரைக்கு மட்டும்தான். டேட்டாபேஸில் நடுவே மூன்றாவது டேபிள் வேண்டும்: தொழிலாளர் ஐடி, மலை ஐடி, தேதி, கிலோ. முதல் மூன்றும் சேர்ந்துதான் பிரைமரி கீ, அதாவது ஒரு வரியை மற்ற வரிகளிலிருந்து பிரித்துக் காட்டும் அடையாளம். காலை, பகல், மாலை நிறுவையைத் தனித்தனியே வைப்பதென்றால் வேளையும் கீயில் சேர வேண்டும். கிலோவுக்கு டெசிமல் வகையைப் போடுங்கள்; ஃப்ளோட் போட்டால் மாதக் கூட்டலில் தசமம் பிசகும். புதிதாக ஒரு மலை வந்தால் மலை டேபிளில் ஒரு வரி கூடும், அவ்வளவுதான்.

பெயரைக் கீயாக வைக்கவே கூடாது. ஒரு தோட்டத்திலேயே எத்தனை லெட்சுமி! செக்ரோல் (தோட்டத்தின் வேலை, சம்பளப் பதிவேடு) நம்பரும் ஆள் மாறக்கூடியது என்றால் தனி ஐடி கொடுங்கள். பெயரை அடையாள அட்டையில் உள்ளபடியே எழுதுங்கள். கேள்விக்கு வெளியே போகிறேன்தான், ஆனாலும் சொல்ல வேண்டும்: பதிவில் ஒரு எழுத்து, அடையாள அட்டையில் வேறு எழுத்து என்பதற்காகச் சேமலாப நிதியை (ஓய்வின்போது கிடைக்கும் சேமிப்பை) எடுக்க முடியாமல் சத்தியக்கடதாசியோடு அலைகிற வயதானவர்கள் மலையகத்தில் ஏராளம். டைப் செய்தவருக்கு அது ஒரு எழுத்து. அவர்களுக்கு உழைப்பின் மிச்சம்.

இனிக் கட்டம். 180 பேர், 12 மலை என்றால் 2160 கட்டங்கள். கட்டத்துக்கு ஒரு குவரி (டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்வி) என்று லூப்புக்குள் போட்டால் பேஜ் திறக்க வெகுநேரம் ஆகும். மூன்றே குவரி போதும்: ஆட்கள், மலைகள், அன்றைய தேதியின் நடு டேபிள் வரிகள். மூன்றாவதைத் தொழிலாளர் ஐடி, மலை ஐடி என்ற இரட்டை அடுக்கு அரேயில் நிரப்புங்கள். வெளி லூப் ஆட்கள், உள் லூப் மலைகள், கட்டத்தில் அரேயில் இருப்பது. மாதக் கட்டத்துக்கு நடு டேபிளில் குரூப் பை போட்டுக் கூட்டுங்கள். அதைப் பார்க்க மட்டும் விடுங்கள்; கூட்டுத்தொகையைத் திருத்தினால் எந்த நாளில் போய்ச் சேரும்?

"வரிகளைக் கொலங்களாகத் திருப்பும் பிவோட் இருக்கிறதே" என்று யாராவது சொல்வார்கள். எஸ்கியூஎல் சேர்வரில் இருக்கிறது, அங்கும் கொலம் பெயர்களை முன்கூட்டியே எழுத வேண்டும். மைஎஸ்கியூஎல்லில் இல்லவே இல்லை. பல வரிகளை ஒரே எழுத்துச் சரமாக ஒட்டும் குரூப் கொன்கட்டையும் நம்ப வேண்டாம்: மைஎஸ்கியூஎல்லில் அதன் இயல்பான எல்லை 1024 பைட். எழுத்துகளைச் சேமிக்கும் முறையான யூடிஎஃப் எட்டில் 'கொ' என்ற ஒரே எழுத்தே ஆறு பைட் பிடிக்கும், மிச்சம் வெட்டுப்படும்.

வரியே இல்லாத கட்டம் வெறுமையாக இருக்கட்டும். அந்த மலைக்கு அவர் போகவில்லை என்று பொருள். போயும் நிறுவை இல்லை என்றால்தான் 0. இரண்டையும் கலந்தால் சம்பளக் கணக்கில் சண்டை வரும்.

தலைப்பு வரியையும் பெயர்க் கொலத்தையும் பொசிஷன் ஸ்டிக்கியால் நிறுத்துங்கள். போர்டர் கொலாப்ஸை செபரேட் என்று வைக்க வேண்டும், இல்லாவிட்டால் ஸ்க்ரோல் பண்ணும்போது கோடுகள் நகர்ந்துபோகும். மூலைக் கட்டத்துக்கு இசட் இண்டெக்ஸ் (எது மேலே நிற்கும் என்ற எண்) கூடுதலாக வேண்டும்.

உண்மையான ஆபத்து சேமிப்பதில்தான். பிஎச்பியில் மேக்ஸ் இன்புட் வார்ஸ் என்ற எல்லை, அதாவது ஒரே தடவையில் ஏற்கும் பெட்டிகளின் எண்ணிக்கை, இயல்பாக 1000. ஒவ்வொரு கட்டத்தையும் நிரப்பும் பெட்டியாக்கி, 2160 பெட்டிகளையும் ஒரே ஃபோர்மில் அனுப்பினால் முதல் 83 பேர் அளவில் நின்றுவிடும். லொக்கில் ஒரு எச்சரிக்கை விழும். திரையில் "சேமிக்கப்பட்டது" என்றே வரலாம். "அன்றைய வரிகளை அழி, வந்ததை எழுது" என்று கோட் எழுதியிருந்தால் மீதிப் பேரின் கிலோ அத்தனையும் போய்விடும்.

எல்லையை உயர்த்தினால் போதாதா என்பார்கள். போதும், அடுத்த முறை ஆள் கூடும்வரை. அதைவிட, கட்டத்தில் வெறும் எண்ணைக் காட்டி, தொட்டால் மட்டும் பெட்டியாக்குங்கள். மாறிய கட்டங்களை மட்டும் ஜேசனாக அனுப்பி, ஒரே டிரான்செக்ஷனில் (எல்லாம் பதியும், இல்லாவிட்டால் எதுவும் பதியாது) இன்சர்ட் ஒன் டூப்ளிகேட் கீ அப்டேட் போடுங்கள்; வரி இருந்தால் திருத்தும், இல்லாவிட்டால் சேர்க்கும். அழிக்கப்பட்ட கட்டத்துக்கு டிலீட். சிக்னல் விட்டு விட்டு வரும் இடத்தில் இது தாக்குப்பிடிக்கும். இரண்டு கணக்கப்பிள்ளைமார் ஒரே நேரத்தில் வேறு வேறு மலைக்குப் பதிந்தாலும் ஒருவர் எழுதியதை மற்றவர் அழிக்கமாட்டார்.